காணாமற்போன நீல யன்னல்

அத்தியாயம் 4

“உங்கட யன்னலைக் களவெடுத்த ஆள் மிச்சம் நல்ல ஆள், ஹாஜியார்” என்றாள் நஃபீஸா.

பதுர்தீன் ஹாஜியாரின் தாடி மேலே போய்க் கீழே வந்தது.

“நல்ல ஆளா? மகள், நான் உங்களக் கூப்பிட்டது கள்ளனைப் புடிக்க. அவனுக்கு நற்சான்று குடுக்க இல்ல.”

“யன்னலைக் கழட்டின இடத்தில மழைத்தண்ணி வரக்கூடாதுண்டு தறப்பாள் கட்டியிருக்காங்க. ஸ்க்ரூவ எல்லாம் ஒரு பேப்பர் கோப்பையில போட்டு ஓரமா வெச்சிருக்காங்க. கீழ விழுந்த சீமெந்துத் தூளைக் கூட்டியும் இருக்காங்க. நான் எத்தனையோ களவு பாத்தீக்கேன். கூட்டித் துடைச்சிட்டுப் போன கள்ளனை இப்பதான் பாக்குறேன்.”

“எங்கட வீட்டுக்கும் ஒருக்கா வரச் சொல்லுங்கோ மிஸ்” என்றான் கில்பட். “என்ட அறை கூட்டிக் கனகாலம்.”

நஃபீஸா புத்தளம் நகரில் ஒரு மருந்துக் கடைக்கு மேலே அறை எடுத்துத் துப்பறியும் தொழில் நடத்துகிறவள். அதற்கு முன்பு காப்புறுதிக் கம்பனியொன்றில் வேலை. எரிந்த கடைகளையும் எரிந்ததாகச் சொல்லப்பட்ட கடைகளையும் பார்த்துப் பார்த்து, மனிதர் சொல்வதைவிடச் சுவர் சொல்வதை நம்பப் பழகியிருந்தாள். கில்பட் கற்பிட்டிக்காரன். அவளுடைய உதவியாளன், ஓட்டோச் சாரதி, கேட்காமலே கருத்துச் சொல்பவன். முதல் இரண்டு வேலைக்கும் அவன் அவ்வப்போது லீவு எடுப்பான். மூன்றாவதற்கு எடுத்ததே இல்லை.

அவர்கள் நின்றது தில்லையடியில், மன்னார் வீதியைப் பார்த்து எழும்பிக்கொண்டிருந்த ஒரு புதுக் கட்டடத்தின் மேல்மாடியில். கீழே புடவைக் கடை, மேலே கலியாண மண்டபம். நாட்டில் சண்டை முடிந்து வீதிக்குத் தார்க் கார்ப்பெட் போட்ட பிறகு அந்தத் தெருவில் எழும்பிய கட்டடங்களில் இதுதான் பெரியது. சுவர் பூசியாயிற்று. மாபிள் பதித்தாயிற்று. மின்குமிழ்கள்கூட எரிந்தன. யன்னல்கள் மட்டும் இல்லை; அந்த இடங்களைப் பலகையால் அடைத்திருந்தது. எதைப் போடுவதென்று ஹாஜியாருக்கு இன்னும் முடிவு வரவில்லை.

“இரும்பு போட்டா களப்புக் காத்துல உப்பு திண்டுடும். மரம் போட்டா கறையான் திண்டுடும். சரி, அலுமினியம் எண்டு முடிவெடுத்தேன்” என்று விரல் மடக்கினார் அவர். “பொறகு கண்ணாடியில மாட்டிக்கிட்டேன். அலுமினிய வேலை செய்யிற சவிரிமுத்து கொண்டுவந்தது வெள்ளைக் கண்ணாடி. இழுத்துத் திறக்கலாம், காத்து நல்லா வரும். ஆனா இது மேற்குப் பக்கம். பின்னேர வெயில் நேரா மாப்பிள்ளட மூஞ்சிக்கு அடிக்கும். கொழும்புக் கம்பனி கொண்டுவந்தது நீலம். வெளியால கண்ணாடி மாதிரி மினுங்கும். வெயில அப்படியே திருப்பி அனுப்பிடும். உள்ளுக்க நடக்கிறது வெளியால ஈ காக்காக்கும் தெரியாது.”

“அப்ப ரெண்டிலயும் ஒவ்வொண்டு மாதிரிக்குப் பூட்டிப் பாத்தீங்க.”

“ஓம். ஆள் உயரத்துக்குப் பக்கத்துப் பக்கத்துல பூட்டினேன். பாத்தேன், பாத்தேன், பாத்துக்கிட்டே இருந்தேன். நேத்து வெள்ளிக்கிழம ஜும்ஆத் தொழுகைக்குப் போயிட்டு வந்து பாத்தா நீலத்தக் காணல.” ஹாஜியார் தறப்பாளைக் கைகாட்டினார். “நேத்துப் பின்னேரம் மகளுக்குப் பேசியிருக்கிற மாப்பிள்ளட ஆக்கள் அக்குறணையில இருந்து மண்டபம் பாக்க வந்தாங்க. நான் தறப்பாளைக் காட்டினேன். மாப்பிள்ளட வாப்பா அதத் தடவிப் பாத்திட்டு ‘சிம்பிளா இரிக்கு’ எண்டாரு.”

கில்பட் வாயைத் திறந்தான். நஃபீஸா அவன் காலை மிதித்தாள்.

“ஆரு எடுத்ததுண்டு எனக்குத் தெரியும்” என்று ஹாஜியார் நிமிர்ந்தார். “ஜும்ஆ நேரத்துல இந்தத் தெருவில ஆம்புள ஒருத்தனும் இல்ல. எல்லாரும் பள்ளிவாசல்ல. பள்ளிக்கு வராத ஒரே ஆள் சவிரிமுத்து. தன்ட வெள்ளைக் கண்ணாடிய நான் எடுக்கோணும் எண்டு நீலத்தக் கழட்டிட்டாரு. அவர்ட ஸ்க்ரூ ட்ரைவர் இந்த இடத்துலதான் கெடந்திச்சு. பொழுதுபட்டு மஃரிப் பாங்கு சொல்லுறதுக்குள்ள யன்னல் வராட்டி நான் பொலிசுக்குப் போவேன்.”

மண்டபத்தின் மூலையில், சீமெந்துப் பை ஒன்றின்மேல், ஒரு கனத்த மனிதர் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கற்பிட்டிப் பக்கத்தில் அலுமினிய வேலைக்குப் பேர்போன சவிரிமுத்து. கில்பட்டின் தாய்மாமன்.

“நான் சாப்பிடப் போனன் தம்பி” என்றார் அவர் மருமகனிடம். “ஸ்க்ரூ ட்ரைவர இங்க வெச்சிட்டுப் போனன். வந்து பாத்தா யன்னலும் இல்ல, நான் மனுசனும் இல்ல.”

“ஜும்ஆவுக்குப் போகாத ஆள்தான் கள்ளன் எண்டா, ஹாஜியார், என்னையும் சேத்துக் கட்டுங்கோ” என்றான் கில்பட். “நான் பிறந்த நாள் தொட்டுப் போனதில்ல.”

“நீ வாய மூடு” என்றாள் நஃபீஸா. “வந்து இந்த முடிச்சைப் பாரு.”

தறப்பாளின் நான்கு மூலையும் ரிப்பனால் கட்டியிருந்தது. ஒவ்வொரு மூலையிலும் இரண்டு காது விரித்த அழகான பூ முடிச்சு. காதுகள் ஒரே அளவு. நுனிகள் கத்தரியால் சரிவாக வெட்டப்பட்டிருந்தன.

கில்பட் அதைப் பார்த்ததும் அவன் முகம் மலர்ந்தது. “மிஸ், எங்கட மாமா வள்ளக்காரற்ற பிள்ளை. அவர் முடிச்சுப் போட்டா அவிழ்க்கக் கோடாலி வேணும். இதை அவர் போட்டார் எண்டா கற்பிட்டி மீனெல்லாம் சிரிச்சே செத்திடும்.”

நஃபீஸா ஸ்க்ரூ இருந்த பேப்பர் கோப்பையை எடுத்தாள். மடிப்பு மடிப்பாக, விளிம்பு விரிந்த சிறிய கோப்பை. மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனாள். வெனிலா.

“ஹாஜியார், ஜும்ஆ நேரம் தெருவில ஆம்புள இல்ல எண்டீங்க. சரி. பொம்புளைகள்?”

ஹாஜியார் தாடியைச் சொறிந்தார். அப்படியும் சிலர் அந்தத் தெருவில் இருப்பது அவருக்கு இப்போதுதான் நினைவுக்கு வந்தது போலிருந்தது.

நஃபீஸா வெள்ளை யன்னலை இழுத்துத் திறந்து எதிரே பார்த்தாள். வீதிக்கு அப்பால் இரண்டு கடைகள். ஒன்று முத்தலிபு நாநாவின் தேத்தண்ணிக் கடை. மற்றதன் பலகையில் இளஞ்சிவப்பு எழுத்தில்: மர்ளியா கேக் ஹவுஸ்.

*

மர்ளியா ராத்தா ஒரு கேக்கின்மேல் றோசாப்பூ பிழிந்துகொண்டிருந்தார். நஃபீஸா பேப்பர் கோப்பையை மேசையில் வைத்ததும் அந்தப் பூ கறிக்கு வெட்டுகிற கோவாப்பூவாகிவிட்டது.

“இது உங்கட கோப்பைதானே ராத்தா?”

“இந்த ஊருல எல்லாரும் கப் கேக் திங்கிறாங்க தங்கச்சி.”

“திங்கிறாங்க. திண்டிட்டுக் கோப்பையக் கழுவிக் காயவெச்சு ஸ்க்ரூ போட மாட்டாங்க.”

கில்பட் ஒரு கதிரையை இழுத்து உட்காரப் போனான். கதிரை வழுக்கியது. மாவு கொட்டியிருந்த நிலத்தில் நாலு காலும் பரப்பி விழுந்தான். விழுந்தவன் எழும்பவில்லை.

“மிஸ்” என்றான் மேசைக்கு அடியிலிருந்து.

“என்ன?”

“இங்க ஒரு வடிவான பொடியன் படுத்திருக்கான். நீல நிறம். என்னைப் போலவே இருக்கான்.”

நஃபீஸா குனிந்தாள். கேக் பெட்டி மட்டைகளுக்கு நடுவில், போர்வையால் பாதி மூடி, நீலக் கண்ணாடி யன்னல் சட்டத்தோடு பக்கவாட்டில் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. மூலைகளுக்குப் பஞ்சு வைத்திருந்தார்கள். ஒரு கீறல் இல்லை.

மர்ளியா ராத்தா ஐசிங் பையைக் கீழே வைத்தார்.

“சரி. நாங்கதான் எடுத்தோம். நானும் என்ட கடைப் புள்ளகள் ரெண்டு பேரும். கேக் தள்ளுற வண்டியில வெச்சு, வெள்ளைத் துணி போட்டு மூடி, ரோட்டுக்கு இங்கால கொண்டுவந்தோம்.”

“பட்டப்பகல்ல? ஒருத்தரும் பாக்கலையா?”

“பள்ளி கலைஞ்சு எல்லாரும் வந்திட்டாங்க. நடு ரோட்டுல மாட்டிக்கிட்டோம். ஹாஜியாரே லொறிய மறிச்சு எங்களுக்கு வழி விட்டாரு.” ராத்தா முக்காட்டு நுனியால் முகத்தைத் துடைத்தார். “‘மாஷா அல்லாஹ், நல்ல பெரிய கேக்’ எண்டாரு.”

கில்பட் மறுபடி நிலத்தில் படுத்துக்கொண்டான். இம்முறை சிரிக்க.

“ஏன் எடுத்தீங்க ராத்தா?”

“ஏனா? அந்த நீலக் கண்ணாடி பின்னேர வெயில அப்படியே திருப்பி என்ட கடைக்குள்ள அனுப்பிச்சு. ஷோகேசுல வெச்ச மூணு தட்டுக் கேக் ஒரு தட்டாச்சு. மாப்பிள்ளைப் பொம்மை பொம்புளப் பொம்மைட மடியில விழுந்து கெடந்திச்சு. வெக்கக்கேடு.”

“கேஸ் முடிஞ்சுது!” கில்பட் துள்ளி எழுந்தான். “மாமா தப்பிட்டார். காரணம், கள்ளர், களவுப் பொருள், எல்லாம் ஒரே மேசையில. மிஸ், அந்தக் கோணல் கேக்கில ஒரு துண்டு கிடைக்குமா?”

நஃபீஸா அசையவில்லை. அவள் கடையின் முன்பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணாடிக் கதவுக்கு உள்ளே தடிப்பான ஒரு திரை தொங்கியது. ஷோகேஸ் கதவோரத்தில் இல்லை, உள்சுவரோரத்தில் நின்றது. கதவோரத்தில் அது முன்பு நின்ற இடம் மட்டும் நிலத்தில் வெளுப்பாகத் தெரிந்தது.

“இந்தத் திரை நல்லா இரிக்கே. எப்ப போட்டது?”

“யன்னல் பூட்டின கிழமையே போட்டிட்டோம். ஷோகேசையும் அண்டைக்கே—” என்று தொடங்கிய ராத்தா நிறுத்தினார்.

“அண்டைக்கே உள்ளுக்க தள்ளிட்டீங்க. அதுக்குப் பொறகு ஒரு கேக்கும் உருகல. அப்படியெண்டா நேத்து யன்னலைக் கழட்டினது கேக்குக்காக இல்ல.”

ராத்தா ஐசிங் பையை மறுபடி கையில் எடுத்தார். கண் மட்டும் ஒரு கணம் பக்கத்துத் தேத்தண்ணிக் கடைப் பக்கம் போய்த் திரும்பியது.

“தங்கச்சி, என்னைப் பொலிசுல குடுங்க. பரவாயில்ல. ஆனா ஏன் எண்டு மட்டும் கேக்காதீங்க. அல்லாஹ்வுக்காக.”

கில்பட் நஃபீஸாவின் காதில் சொன்னான்: “மிஸ், பொலிசுக்குப் போக ஆசைப்படுற முதல் கள்ளியும் இவங்கதான்.”

*

முத்தலிபு நாநாவின் கடையில் கூட்டம் நெரிந்தது. உள்சுவரில் தொலைக்காட்சி. அதில் இலங்கை அணி ஆடிக்கொண்டிருந்தது. வர்ணனையாளர் தொண்டை கிழியக் கத்தினார்.

நஃபீஸா வாசலிலேயே நின்றுவிட்டாள்.

“கில்பட், இங்க என்ன பிழை?”

கில்பட் கண்ணாடிப் பெட்டியைப் பார்த்தான். “ரோல்ஸ் முடிஞ்சுது.”

“கதிரைகளைப் பாரு.”

கில்பட் பார்த்தான். அவன் முகத்தில் முதல்தடவையாகப் பயம் தெரிந்தது. கடையிலிருந்த கதிரை, வாங்கு எல்லாமே வீதியைப் பார்த்துத் திரும்பியிருந்தன. இலங்கை ஆடுகிறது. அத்தனை பேரும் தொலைக்காட்சிக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருக்கிறார்கள்.

“மிஸ், வாங்கோ போவம்” என்றான் அவன் மெதுவாக. “இது மனுசர் வேலை இல்ல.”

நஃபீஸா உள்ளே போனாள். “நாநா, கதிரையெல்லாம் ஏன் இப்படிப் போட்டிருக்கு?”

முத்தலிபு நாநா தேத்தண்ணியை ஒரு கோப்பையிலிருந்து மற்றதற்கு உயர்த்தி ஊற்றினார். பாதி வெளியே போனது. “காத்துக்கு மகள்.”

“காத்து களப்புப் பக்கத்துல இருந்து வருது. அது உங்கட பின்பக்கம்.”

“அப்ப… வெளிச்சத்துக்கு.”

“வெயில் அடங்கப் போகுதே.”

எல்லாரும் ஒரே நேரத்தில் பிளேன்டீயைக் குடித்தார்கள். காலிக் கோப்பை வைத்திருந்தவர்களும் குடித்தார்கள்.

“கடையில ஆக்கள் கூடுறது எந்த நேரம் நாநா?”

“மஃரிபுக்குப் பொறகு. இஷாத் தொழுகை வரைக்கும்.” சொன்ன பிறகுதான் சொல்லிவிட்டது அவருக்கு உறைத்தது. “எல்லாக் கடையிலயும் அப்படித்தான்!”

“நேத்து மஃரிபுக்குப் பொறகும் வந்தாங்களா?”

“வந்தாங்க. எதிர்ல தறப்பாளைப் பாத்தாங்க. போயிட்டாங்க.” நாநாவின் குரலில் ஒரு வியாபாரியின் துக்கம் இருந்தது. “இண்டைக்கு மெச் எண்டு வந்தீக்காங்க. பழக்கத்துல கதிரையத் திருப்பிட்டாங்க.”

நஃபீஸா எதிர்க் கட்டடத்தை அண்ணாந்து பார்த்தாள். பிறகு மெல்லச் சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்தி, “யா அல்லாஹ்” என்றாள்.

வீதியைக் கடந்து போய், புடவைக் கடை வாசலில் நின்ற ஹாஜியாரிடம் ஒரேயொரு கேள்வி கேட்டாள்.

“ஹாஜியார், மஃரிபுக்குப் பொறகு மேல மண்டபத்துல ஆரு இருப்பாங்க?”

“நான்தான். தனியா.” ஹாஜியாரின் காது சிவந்தது. “கொஞ்சம்… சொந்த வேல இரிக்கும்.”

“லைட் போட்டுக்கிட்டு?”

“இருட்டிலயா செய்ய ஏலும்?”

“சரி. யன்னல் கெடச்சிட்டு. சவிரிமுத்து எடுக்கல. அவர் கையாலேயே திருப்பிப் பூட்டுவாரு. எடுத்தது ஆரு, ஏன் எண்டு அறியோணுமெண்டா, மஃரிப் தொழுதிட்டு என்னோட வந்து முத்தலிபு நாநாட கடையில ஒரு தேத்தண்ணி குடிக்கோணும்.”

கில்பட்டைத் தனியாகக் கூப்பிட்டாள். “நீ மேல போய் எல்லா லைட்டையும் போட்டிட்டு, நீல யன்னலுக்குப் பக்கத்துல நில்லு. நான் கூப்பிடுற வரைக்கும் இறங்காத.”

“அங்க நான் தனிய என்ன செய்யிறது மிஸ்?”

“உனக்கு விருப்பமானதச் செய். வெளியாலதான் ஒண்டும் தெரியாதே.”

*

மஃரிப் தொழுது வந்த ஹாஜியார் தேத்தண்ணிக் கடைக்குள் கால் வைத்ததும் கடை முழுவதும் எழுந்து நின்றது. பிறகு எல்லாரும் உட்கார்ந்து தங்கள் தங்கள் கோப்பைக்குள் பார்த்தார்கள். வாசலில் மர்ளியா ராத்தா முக்காட்டை இறுக்கிப் பிடித்தபடி நின்றார். சவிரிமுத்து யன்னலைப் பூட்டிவிட்டு வந்து கடைசி வாங்கில் ஒதுங்கினார். நஃபீஸா ஹாஜியாருக்கு முன்வரிசையில் ஒரு கதிரை காட்டினாள்.

வெளியே இருட்டு இறங்கியிருந்தது. எதிர் மாடியில் நீலக் கண்ணாடி கறுப்பாக நின்றது.

விளக்கு எரிந்தது.

கண்ணாடி இருந்த இடத்தில் கண்ணாடியைக் காணவில்லை. மண்டபம்தான் தெரிந்தது. புடவைக் கடை ஷோகேஸ் போலப் பளீரென்று தெரிந்தது. அதன் நடுவில், சட்டைப் பொத்தான் முதல்கொண்டு தெரியும்படி, கில்பட் நின்றான்.

“அட!” ஹாஜியார் முன்னே சாய்ந்தார். “தெரியுதே!”

“பகல்ல வெளியால வெளிச்சம், உள்ளுக்க இருட்டு. அப்ப வெளியால நிக்கிறவனுக்குத் தன்ட முகம்தான் தெரியும்” என்றாள் நஃபீஸா. “பொழுதுபட்டு உள்ளுக்க லைட் போட்டா எல்லாம் மறுவளம். உள்ளுக்க நிக்கிறவனுக்குத் தன்ட முகம் தெரியும். வெளியால நிக்கிறவனுக்கு அவன்ட எல்லாமே தெரியும்.”

மேலே, கில்பட்டுக்குத் தன் முகம் தெரிந்துவிட்டது. சீப்பை எடுத்தான். இடப்பக்கம் வாரினான். வலப்பக்கம் வாரினான். நெஞ்சை நிமிர்த்தி, வயிற்றை உள்ளே இழுத்து, பக்கவாட்டில் நின்று பார்த்தான். மூச்சு முட்டியதும் வயிறு பழைய இடத்துக்கு வந்தது. கையை மடக்கிப் புஜத்தைப் பார்த்தான். திருப்தியாக இருந்திருக்க வேண்டும், அதற்கு ஒரு முத்தம் கொடுத்தான்.

ஹாஜியாரின் தோள் குலுங்கத் தொடங்கியது.

கில்பட் மூலையில் கிடந்த பெயின்ற் தூரிகை ஒன்றை எடுத்துவந்தான். கண்ணாடிக்கு முன்னால் ஒரு முழங்காலில் இருந்தான். தூரிகையைப் பூப்போல நீட்டினான். வாய் ஏதோ சொன்னது. பிறகு எழும்பி, பெண் மாதிரி வெட்கப்பட்டு, தூரிகையை வாங்கிக்கொண்டான்.

“அது டயனாவுக்கு” என்றார் சவிரிமுத்து கடைசி வாங்கிலிருந்து. “அந்தப் பிள்ளை இன்னும் ‘ஓம்’ சொல்லேல்ல. இவன் ரெண்டு பேருக்கும் சேத்துச் சொல்லிப் பழகுறான்.”

ஹாஜியார் மேசையில் அடித்து அடித்துச் சிரித்தார். தாடியில் கண்ணீர் வழிந்தது. “இந்தப் பொடியனைப் பாருங்கவே! யா அல்லாஹ்! முழுத் தெருவும் பாத்துக்கிட்டிரிக்கு எண்டு தெரியாம, ஆரும் பாக்கல எண்டு நெனச்சு, தன்னந்தனிய—”

சிரிப்பு நின்றது.

ஹாஜியாரின் கை மேசைக்கு மேலே தூக்கியபடி நின்றது. அவர் மாடியைப் பார்த்தார். தன் கதிரையைப் பார்த்தார். மற்றக் கதிரைகளைப் பார்த்தார். எல்லாமே ஒரே பக்கம் திரும்பியிருந்தன. பின்னால் தொலைக்காட்சியில் யாரோ ஆட்டமிழந்தார்கள். ஒருவரும் திரும்பவில்லை.

“முத்தலிபு.”

“ஓம் ஹாஜியார்.”

“நான்… எப்ப தொட்டு?”

முத்தலிபு நாநா தோளில் கிடந்த துணியை எடுத்துக் கையில் சுற்றினார். “நீலம் பூட்டின அண்டைக்குத் தொட்டு.”

“எல்லாமேயா?”

“சத்தம் கேக்காது ஹாஜியார்” என்றார் நாநா ஆறுதலாக.

“ஸ்கிப்பிங்?”

கடை தலையாட்டியது.

“டொக்டர் செல்லினது” என்றார் ஹாஜியார். குரல் நூலாகியிருந்தது. “சீனி வருத்தத்துக்கு.”

“எங்களுக்கு அது தெரியாதே. சாரனைத் தூக்கிக் கட்டிட்டு நீங்க துள்ளுறீங்க. கயிறு மெல்லிசு, இங்க இருந்து பாத்தா தெரியாது. வெறுமனே துள்ளுற மாதிரித்தான் இரிக்கும். பொறகு இல்லாத ரிப்பனை வெட்டுறீங்க. இல்லாத ஆளுட்ட மாலை வாங்குறீங்க. கழட்டித் திருப்பி அவருக்கே போடுறீங்க.”

“தெறப்பு விழாவுக்கு அமைச்சர் வாறாரு. பழகிப் பாத்தேன்.”

“பொறகு கைய ஆட்டி ஆட்டிப் பேசுறீங்க.”

“சிங்களத்துல பேசோணுமே. அதையும் பழகினேன்.” ஹாஜியார் முகத்தைக் கையால் மூடிக்கொண்டார். “எனக்கு ஒருத்தரும் செல்லல்லயே.”

“செல்லத்தான் ஒருநாள் மேல வந்தேன்” என்றார் நாநா. “நீங்க கயித்தோட நிண்டு ‘என்ன முத்தலிபு?’ எண்டு கேட்டீங்க. நான் ‘நாளைக்கு மழை வருமாம்’ எண்டு செல்லிட்டு இறங்கிட்டேன்.”

வாசலில் நின்ற மர்ளியா ராத்தா தொண்டையைச் செருமினார். “வெள்ளிக்கிழம பின்னேரம் சம்பந்தி ஆக்கள் வாறாங்க எண்டு கேள்விப்பட்டோம். மண்டபத்தப் பாத்திட்டு, பொழுதுபட்ட பொறகு இங்கதான் தேத்தண்ணி குடிக்க வருவாங்க. நீங்க மேல தனிய நிப்பீங்க. அந்த நேரம் நீங்க துள்ளினா கலியாணம் என்னாகும்? ஆம்புளைகள் எல்லாரும் பள்ளிக்குப் போயிடுவாங்க, சந்தேகம் ஒருத்தர் மேலயும் விழாதுண்டு நானும் புள்ளகளும் கழட்டினோம். சவிரிமுத்து அண்ணன்ட ஸ்க்ரூ ட்ரைவர் அங்க கெடந்திச்சு, எடுத்தோம். அது அவருக்கே வினையாகும் எண்டு நெனைக்கல.”

மேலே கில்பட் இப்போது டயனாவின் தகப்பனுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தான். ஒரு கிழவரைத் தவிர வேறு யாரும் அவனைப் பார்க்கவில்லை.

ஹாஜியார் எழுந்தார். மெதுவாகக் கடைசி வாங்குக்குப் போனார். சவிரிமுத்து பதறி எழும்பினார்.

“உங்கள நான் கள்ளன் எண்டேன். மனசு நொந்திருக்கும். என்னைப் பொறுத்துக்கோணும்.”

“அதை விடுங்கோ ஹாஜியார். யன்னல் வந்திட்டுதே.”

“அது வேணாம். மண்டபம் முழுக்க உங்கட வெள்ளைக் கண்ணாடியே போடுங்க.”

“மேற்கு வெயில் அடிக்குமே?”

“திரை போடுவோம். உள்ளுக்க இருக்கிறது வெளியால தெரியும் எண்டு தெரிஞ்சா மனிசன் தானாப் போய்த் திரைய இழுப்பான். இந்த நீலம் என்னை ஏமாத்திட்டு.”

“வெளிப்பக்கம் மேலால ஒரு தட்டு நீட்டினம் எண்டாலும் வெயில் பாதி குறையும்” என்றார் சவிரிமுத்து. “நாளைக்கே அளவெடுக்கிறன்.”

நஃபீஸா வீதிக்கு வந்து கையை ஆட்டினாள். கில்பட்டுக்குத் தெரியவில்லை. சவிரிமுத்து விரல் வைத்து விசில் அடித்தார். விளக்கு அணைந்தது. கில்பட் படியிறங்கி, வீதியைக் கடந்து, கடைக்குள் வந்தான். கடை எழுந்து நின்று கை தட்டியது.

“என்ன மிஸ் இது?” அவன் குழம்பிப்போனான். “கேஸைக் கண்டுபிடிச்சது நீங்கதானே?”

“ஓம்” என்றாள் நஃபீஸா. “ஆனா நடிச்சது நீ.”

அந்தக் கிழவர் கில்பட்டின் தோளில் தட்டினார். “மகன், டயனாட வாப்பாக்கிட்ட அவ்வளவு கோவமாப் பேசாத. கொஞ்சம் பணிஞ்சு போ.”

கில்பட் மாடியைப் பார்த்தான். தெருவைப் பார்த்தான். தன் கையிலிருந்த தூரிகையைப் பார்த்தான். நஃபீஸாவோடு வேலை பார்த்த காலத்தில் முதல்தடவையாக அவனுக்குச் சொல்ல ஒரு கருத்தும் கிடைக்கவில்லை. பேசாமல் போய் ஓட்டோவுக்குள் உட்கார்ந்துகொண்டான்.

ஹாஜியார் முன்வரிசைக் கதிரைக்குத் திரும்பி வந்தார். எல்லாருக்கும் தேத்தண்ணி சொன்னார். தன் கோப்பை வந்ததும் அதைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டிருந்தார். பிறகு, யாரையும் பார்க்காமல், அடிக்குரலில் கேட்டார்.

“அமைச்சரோட போட்டோ எடுக்கிறதுக்கு நான் மூண்டு விதமாச் சிரிச்சுப் பழகினேன். அதையும் பாத்தீங்களா?”

“பாத்தோம்.”

“எது நல்லா இருந்திச்சு?”

இத்தனை நேரம் ஊமையாக இருந்த கடை வெடித்தது. முதலாவது என்றார்கள் சிலர். அதில் கண் சிரிக்கவில்லை என்றார்கள் வேறு சிலர். இரண்டாவதில் தாடி எடுப்பாக இருந்தது என்று ஒருவர் எழுந்தே சொன்னார். மர்ளியா ராத்தாகூட வாசலிலிருந்து ஏதோ சொன்னார். ஹாஜியார் கையைத் தூக்கினார்.

“முத்தலிபு, நீ செல்லு.”

முத்தலிபு நாநா துணியைத் தோளில் போட்டார்.

“ரெண்டாவதுதான் ஹாஜியார். மூணாவது சிரிச்ச அண்டைக்குத்தான், ஜின் புடிச்சிட்டோண்டு ஓதிப் பாக்க லெப்பையக் கூப்பிடுவோமாண்டு நாங்க யோசிச்சோம்.”